ஒரு நூல் எங்கே போனது?

ஊசியை எடுத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துண்டுத்துணிப் போர்வையின் இரண்டு கட்டங்களையும் விரித்துப் பார்த்தேன். இடது கட்டத்தில் கருநீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் நடுவே ஓடும் தையல், வலது கட்டத்தில் வெளிர்நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஓடும் தையலை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். மேல்முனையில் சந்தித்தது. கீழ்முனையில் சந்திக்கவில்லை. ஒரு நூல் தள்ளி நின்றது.

நூல் என்று இங்கே நான் சொல்வது தச்சரும் குழாய் வேலைக்காரரும் சொல்லும் நூல். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கால் அங்குலம் என்றால் இரண்டு நூல். தைக்கிற நூலை இழை என்றே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையில் யாருக்கும் எதுவும் விளங்காது.

தங்கை மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள் என்று ஒரு துண்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கியிருந்தேன். தேர்ந்தெடுத்தது 'இரட்டை ஐரிஷ் செயின்'. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தைத்த வடிவம். பார்ப்பதற்குக் குறுக்கும் மறுக்குமாகச் சங்கிலிகள் ஓடுவதுபோல் இருக்கும். தைப்பதற்கு இரண்டே வகைக் கட்டங்கள். ஒன்று, ஐந்துக்கு ஐந்து என்று இருபத்தைந்து சிறு சதுரங்களால் ஆன கட்டம். அதைச் சங்கிலிக் கட்டம் என்போம். மற்றது பெரும்பாலும் வெள்ளை. நான்கு மூலையிலும் மட்டும் ஒவ்வொரு வெளிர்நீலச் சதுரம். அது சாதாக் கட்டம். இரண்டையும் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் மூலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலி ஓடும். அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு, ஆக முப்பத்தைந்து கட்டங்கள். அதில் சங்கிலிக் கட்டம் 18, சாதாக் கட்டம் 17. ஒவ்வொன்றும் தைத்து முடிந்தபின் 10 அங்குலச் சதுரம். விளிம்பில் அடுத்த தையலுக்கு விட்டதையும் சேர்த்து 10 அங்குலம் 4 நூல்.

சிறு சதுரம் முடிந்த அளவில் 2 அங்குலம். நான்கு பக்கமும் கால் அங்குல மார்ஜின், அதாவது தையலுக்கு விடும் ஓரத் துணி, சேர்த்து வெட்டினால் இரண்டரை அங்குலம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வெட்டுவது 6.25 சதுர அங்குலம், வெளியே தெரிவது 4. வெட்டிய துணியில் 36 சதவீதம் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்கிறது. எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டார். "ரவிக்கையில் ஒரு இன்ச் விட்டால் அது சேமிப்பு, உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இதில் விட்டது விட்டதுதானே?" என்றார். ஆமாம், விட்டது விட்டதுதான். ரவிக்கை மார்ஜினில் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் மனித உடம்பு பொறுத்துக்கொள்ளும். சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சதுரம் பொறுத்துக்கொள்ளாது.

அளந்தபோது தெரிந்தது

18 சங்கிலிக் கட்டங்களும் தைத்து முடிந்திருந்தன. சாதாக் கட்டங்களில் மூன்று ஆகியிருந்தன, மீதிக்குத் துணி வெட்டி அடுக்கி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த மூன்றைத் தைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும். சாதாக் கட்டத்தின் நடுத்துண்டு ஒரே துணி, 10 அங்குலம் 4 நூல் நீளம். அதன் இரு பக்கமும் சேரும் பட்டைகள் மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்தவை. பட்டை சற்றுக் குட்டையாக இருந்தது. இழுத்துப் பிடித்துக் குண்டூசி குத்தித் தைத்துவிட்டேன். விளைவு, மூன்று கட்டங்களுக்கும் நடுவில் சின்னத் தொப்பை. இஸ்திரி போட்டால் அடங்கிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இப்போது எல்லாவற்றையும் மேசையில் போட்டு அளந்தேன். சங்கிலிக் கட்டம் 10 அங்குலம் 4 நூல் இருக்க வேண்டியது, 10 அங்குலம் 2 நூல்தான் இருந்தது. சாதாக் கட்டத்தின் விளிம்பு 10 அங்குலம் 3 நூல். அதன் நடுப்பகுதி மட்டும் வெட்டியபடியே 10 அங்குலம் 4 நூல்.

இந்த மூன்று எண்களிலேயே நோய் முழுவதும் இருக்கிறது. சங்கிலிக் கட்டத்தின் குறுக்கே நான்கு தையல்கள், குறைவு இரண்டு நூல். சாதாக் கட்டத்தின் விளிம்பில் இரண்டு தையல்கள், குறைவு ஒரு நூல். நடுத்துண்டில் தையலே இல்லை, குறைவும் இல்லை. ஆக, ஒவ்வொரு தையலும் தவறாமல் அரை நூல் தின்றிருக்கிறது. கை தடுமாறித் தைத்திருந்தால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கீழ்முனையில் தையல்கள் ஏன் ஒரு நூல் தள்ளிப்போயின என்பதும் இதிலிருந்தே வருகிறது. இரு மூலைச் சதுரங்களுக்கு நடுவே சங்கிலிக் கட்டத்தில் மூன்று சதுரங்கள். ஒவ்வொன்றும் அரை நூல் சுருங்கி மொத்தம் ஒன்றரை நூல் போயிற்று. அதே இடத்தில் சாதாக் கட்டத்தில் இருப்பது ஒரே வெள்ளைத் துண்டு, அது இழந்தது அரை நூல். வித்தியாசம் ஒரு நூல்.

எல்லாக் கட்டங்களும் ஒரே வகையாக இருந்து, எல்லாமே இரண்டு நூல் சுருங்கியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. போர்வை கொஞ்சம் சின்னதாக வந்திருக்கும், அவ்வளவுதான். விடுதிக் கட்டிலில் யார் டேப் வைத்து அளக்கப்போகிறார்கள்? இங்கே மாட்டிக்கொண்டதற்குக் காரணம், நான்கு தையல் உள்ள கட்டமும் இரண்டு தையல் உள்ள கட்டமும் தோளோடு தோள் நின்றதுதான். அண்டைக் கட்டங்களில் தையல் எண்ணிக்கை சமமாக இல்லாத வடிவம் எதுவானாலும் இந்த வம்பு உண்டு. ஒன்பது துண்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் சதுரம் வைக்கும் ஒற்றைச் சங்கிலியில்கூட இதே கதைதான், அளவு மட்டும் சின்னது.

யார் தின்றது?

முதலில் சந்தேகப்பட்டது என் தையலை. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதங்களில், கால் அங்குலத்துக்கென்றே விற்கும், ஓரத்தில் தகடு வைத்த பாதத்தைத்தான் மெஷினில் மாட்டியிருந்தேன். ஒரு கட்டத்தைத் திருப்பி, துணி ஓரத்திலிருந்து தையல் வரை ஸ்கேல் வைத்தேன். இரண்டு நூல். வேறு பத்து இடங்களில் வைத்தேன். இரண்டு நூல், இரண்டு நூல். மார்ஜின் சரி, சதுரம் தப்பு. அரை மணி நேரம் ஸ்கேலையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது வெட்டு. நாற்பத்துநான்கு அங்குலத் துணியை மடித்து, சக்கரம்போல் உருண்டு வெட்டும் உருளைக் கத்தியால் இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்டியிருந்தேன். மீந்த பட்டைகளை அளந்ததில் இரண்டு மட்டும் மடிப்பு வந்த இடத்தில் கொக்கிபோல் வளைந்திருந்தன. மற்றவை சரி. நீராவியில் சுருங்கியதோ என்று தைக்காத ஒரு பட்டையை நனைத்து இஸ்திரி போட்டேன். துணியை முன்பே துவைத்துக் கஞ்சி போட்டிருந்ததால் அசையவில்லை. இழையையும் மாற்றிப் பார்த்தேன். இழை தடித்தால் மடிப்பும் தடிக்கும் என்று தைப்பவர்கள் பெரிதாகப் பேசுவார்கள், இருக்கலாம். மெல்லிய இழையில் ஐந்து பட்டை தைத்துப் பார்த்ததில் என் ஸ்கேலுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது கட்டைவிரல் நகம். சங்கிலிக் கட்டம் ஒன்றை முகப்புப் பக்கம் மேலே வைத்து, ஒரு தையலை ஒட்டி நகத்தால் மெல்லத் தள்ளினேன். நகம் ஒரு மடிப்பில் மாட்டியது. தையலின் மேல் துணி மூடிக்கொண்டு, தலைமுடி அளவுக்கு ஒரு கொசுவம் நீளத்துக்கும் படுத்திருந்தது. அதை விலக்கினால் அதற்கடியில் இஸ்திரியின் சூடே படாத புதுத் துணி பளிச்சென்று தெரிந்தது.

குற்றவாளி இஸ்திரிப் பெட்டி. அதைப் பிடித்தவள் நான். ஐந்து பட்டைகளைச் சேர்த்துத் தைத்ததும் பின்பக்கத்திலிருந்தே அழுத்தி, மார்ஜினை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். முன்பக்கம் முழுதாக விரிந்ததா என்று பார்க்கவில்லை. செய்ய வேண்டியது வேறு. பட்டைகள் மூடியிருக்கும்போதே தையலின் மேல் ஒருமுறை இஸ்திரியை வைத்து எடுக்க வேண்டும். இழை துணிக்குள் அமரும். பிறகு பட்டையைத் திறந்து, முகப்புப் பக்கத்திலிருந்து பெட்டியின் ஓரத்தால் தையலை மெல்ல முட்டிக்கொண்டே போக வேண்டும். வேட்டிக்குத் தேய்ப்பதுபோல் இழுத்துத் தேய்த்தால் பட்டை வில்லாக வளைந்துவிடும். வைத்து எடுத்து, வைத்து எடுத்துத்தான் நகர வேண்டும்.

18 கட்டங்களுக்கும் தண்ணீர் தெளித்து முகப்பிலிருந்து மறுபடி இஸ்திரி போட்டேன். இரண்டு மாலைகள் போயின. பதினாறு கட்டங்கள் 10 அங்குலம் 3 நூலுக்கு வந்தன. இரண்டு மட்டும் இரண்டரை நூலில் அடம்பிடித்தன. அவற்றில் ஒவ்வொரு தையலைப் பிரித்துத் தைத்ததும் வழிக்கு வந்தன. பாதி நஷ்டம் திரும்பிவிட்டது.

மீதிப் பாதி, அதாவது தையலுக்குக் கால் நூல், திரும்பவே திரும்பாது. அது கொசுவம் இல்லை. மார்ஜினை ஒரு பக்கம் சாய்க்கும்போது முகப்புத் துணி இழையையும் அடித்துணியின் தடிமனையும் ஏறிக் கடந்துதான் மறுபக்கம் போகிறது. அந்தத் திருப்பத்துக்குத் துணி வேண்டும். அதை எடுப்பது முகப்பிலிருந்து. மார்ஜினை அளந்தால் சரியாக இருப்பதும், சதுரத்தை அளந்தால் குறைவதும் இதனால்தான். அமெரிக்கப் போர்வைக்காரர்கள் 'கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைத்துத் தை' என்று சொல்வது இந்தத் திருப்பத்துக்கான வரி. எத்தனை இழை என்பது துணிக்குத் துணி, மெஷினுக்கு மெஷின் மாறும். என்னைப்போல் கடையில் வாங்கிய பாதத்தை நம்பி உட்கார்ந்தால் வரி கட்டாதவர் கதிதான்.

பென்சில் கோடு போன பிறகு

கால் அங்குலம் எப்போதுமே இவ்வளவு அதிகாரம் செய்ததில்லை. பிரிட்டனில் போர்வை தைப்பவர்களின் சங்கமான குவில்ட்டர்ஸ் கில்ட் சேகரிப்பில் 1718 என்று ஆண்டு பொறித்த பட்டுத்துண்டுப் போர்வை ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு துண்டும் காகித அச்சின் மேல் மடித்துத் தைத்தது; காகிதங்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. அந்த முறையில் அளவைச் சொல்வது காகிதம். மடித்து உள்ளே போகும் துணி கால் அங்குலமோ அரை அங்குலமோ, யாருக்கும் கவலையில்லை. கையால் துண்டு சேர்ப்பவர்களும் தைக்கும் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டு, குத்துமதிப்பாக ஓரம் விட்டுத்தான் வெட்டுவார்கள்.

ஓல்ஃபா நிறுவனம் 1979இல் உருளைக் கத்தியைக் கொண்டுவந்த பிறகு நிலைமை தலைகீழானது. வெட்டும் கோடு கச்சிதமானது. தைக்கும் கோடு துணியிலிருந்து மறைந்தது. வேகம் வந்தது, பத்துப் பட்டையை ஒரே இழுப்பில் வெட்டலாம். ஆனால் கோடு இருந்த இடத்தில் இப்போது இருப்பது மெஷின் பாதத்தின் ஓரமும் தைப்பவரின் நம்பிக்கையும்தான். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற துண்டுத்துணிப் போர்வையில் இந்தத் தலைவலியே கிடையாது. அடித்துணியின் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஓட்டுத் தையலில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு சிறுத்தால் அடுத்த துண்டைச் சற்று ஏற்றி வைத்தால் போயிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

பள்ளிக்கூட வரைபடத் தாள்

இனி தைக்கப்போகும் தையலாவது சரியாக இருக்க வேண்டும் அல்லவா? ஊசித் தகட்டில் புது எல்லை ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்க வழிகாட்டிகள் கால் அங்குலக் கட்டம் அச்சடித்த தாளை வைக்கச் சொல்கின்றன. வீட்டில் இருந்தது பையனின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த மில்லிமீட்டர் வரைபடத் தாள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். என் திருப்ப நஷ்டம் தையலுக்குக் கால் நூல், அதாவது 0.8 மில்லிமீட்டர், இரு பக்கமும் பகிர்ந்தால் பக்கத்துக்கு 0.4. கழித்தால் 5.95. ஆறாவது மில்லிமீட்டர் கோடு எனக்காகவே போட்டதுபோல் இருந்தது.

தாளை ஒரு கோட்டின்மேல் நேராகக் கத்தரித்து, அந்த ஓரத்திலிருந்து ஆறு சிறு கட்டங்களை எண்ணினேன். இழை கோக்காத ஊசியைச் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஆறாவது கோட்டின்மேல் இறக்கினேன். பாதத்தை இறக்கியபின் தாள் கோணவில்லை என்று பார்த்துக்கொண்டு, தாளின் ஓரத்தை ஒட்டிக் காகித டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டினேன். சுவர்போல் நிற்க வேண்டும், துணி உரசிக்கொண்டு போக வேண்டும். துணியைத் தள்ளும் பற்களின்மேல் டேப் ஏறிவிடக் கூடாது. அதற்கு முன்பாகவே முடித்துவிட வேண்டும்.

அதே துணியில், அதே இழையில் இரண்டரை அங்குலத் துண்டுகள் ஐந்தைச் சேர்த்து, ஒழுங்காக இஸ்திரி போட்டு அளந்தேன். 10 அங்குலம் 4 நூல். உள்ளே இருந்த மூன்று சதுரங்களும் தனித்தனியாக 2 அங்குலம். பின்பக்கம் மார்ஜினை அளந்தால் இரண்டு நூலுக்குக் கொஞ்சம் குறைவு. அதை இனி அளப்பதில்லை என்று முடிவு செய்தேன். இவ்வளவையும் முதல் நாளே ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றை வைத்துச் செய்திருக்கலாம். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் வருகிறதா, மொத்தம் மூன்றரை வருகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும்.

பிரிப்பதா, வெட்டுவதா

சங்கிலிக் கட்டங்களைத் திட்டப்படி 10 அங்குலம் 4 நூலுக்குக் கொண்டுவர வேண்டுமானால் எல்லாத் தையலையும் பிரிக்க வேண்டும். கட்டத்துக்கு வரிசைக்குள் இருபது, வரிசைகளுக்கு நடுவே நான்கு. 18 கட்டத்துக்கு 432 தையல்கள். பிரிக்கும்போது ஓரம் இழை இழையாக உதிரும். பிறகு மார்ஜின் என்று பேச எதுவும் மிஞ்சாது. ரவிக்கை அக்கா ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார். "பொடித்துண்டு எல்லாம் ஒரே மாதிரிதானே குறைந்திருக்கிறது? பெரிய துண்டைக் கத்தரியுங்கள்."

அதுதான் சரி. வெட்டி வைத்த வெள்ளைத் துணி பெரிதாக இருந்தது நல்லதாகப் போயிற்று. குட்டையாக இருந்திருந்தால் வேறு வழியே இல்லை. நடுத்துண்டை ஆறரைக்குப் பதில் 6 அங்குலம் 3 நூல் அகலம், 10 அங்குலம் 3 நூல் நீளம் என்று குறைத்தேன். பக்கப்பட்டையின் வெள்ளையும் 6 அங்குலம் 3 நூல். மூலைச் சதுரங்களைத் தொடவில்லை. தொப்பை விழுந்த மூன்று கட்டங்களில் இரண்டைப் பிரித்துத் திருத்தினேன். மூன்றாவதைப் பிரிக்கும்போது நடுத்துணி கிழிந்தது. புதிதாக வெட்ட வெள்ளை மிச்சம் இருந்தது.

நட்சத்திர வகைகளில் இந்தத் தந்திரம் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே முக்கோணங்களின் கூர்முனை, மார்ஜின் முடியும் இடத்தில் சரியாக நிற்க வேண்டும்; கட்டத்தைச் சுற்றிக் கத்தரித்தால் முனை மொட்டையாகிவிடும். அதனால் இரண்டு முக்கோணம் சேர்ந்து ஆகும் சதுரங்களைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டித் தைத்து, பிறகு அளவுக்குக் கத்தரிப்பார்கள். முடிந்த அளவோடு ஏழு நூல் சேர்த்து வெட்டு என்கிற பழைய விதியே ஓரளவு அப்படித்தான். மார்ஜின் கணக்குப்படி வேண்டியது 0.854 அங்குலம், ஏழு நூல் என்பது 0.875.

இஸ்திரியில் இன்னொரு பயனும் கிடைத்தது. மறுபடி போடும்போது ஒரு வரிசையின் மார்ஜினை வலதுபுறமும் அடுத்த வரிசையை இடதுபுறமும் சாய்த்தேன். அடுக்கித் தைக்கையில் இரு மடிப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விரலால் தடவினாலே சேர்ந்த இடம் தெரியும், குண்டூசி அநேகமாகத் தேவைப்படாது. இப்படிச் சேர்த்த அந்தக் கீழ்முனைத் தையல், ஆரம்பத்தில் ஒரு நூல் தள்ளி நின்றதே, அது இப்போது கவ்வி நின்றது.

முப்பத்தைந்தும் சேர்ந்தபின் அளவு 49 அங்குலம் 3 நூலுக்கு 69 அங்குலம் 1 நூல். திட்டமிட்டது 50க்கு 70. ஐந்து கட்டத்துக்கு ஐந்து நூல், ஏழு கட்டத்துக்கு ஏழு நூல். சுற்றுக்கரைப் பட்டைகளைத் தாளில் இருந்த அளவுக்கு வெட்டாமல், போர்வையின் நடுவே டேப்பை ஓட்டி வந்த அளவுக்கு வெட்டினேன். ஓரத்தில் அளந்தால் கைபட்டு நெகிழ்ந்த துணி ஒரு நூல் கூடக் காட்டியது. அதை நம்பிக் கரையை வெட்டினால் கரை அலை அலையாக நிற்கும்.

நான்கு அங்குலக் கரை வைத்து, உள்ளே பருத்திப் பஞ்சு விரிப்பு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து ஓரம் கத்தரித்தபோது 57 அங்குலத்துக்கு 76½ இருந்தது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டேன். மாலையில் கொடியிலிருந்து எடுத்து மறுபடி அளந்தால் 55க்கு 74. பஞ்சு சுருங்கி, போர்வை முழுதும் மெல்லச் சுருக்கம் விழுந்திருந்தது. கால் நூலுக்காக இரண்டு வாரம் மல்லுக்கட்டிய வீட்டில் ஒரே துவையலில் இரண்டு அங்குலம் போய்விட்டது. கட்டத்துக்குக் கட்டம் ஒன்றுபோலச் சுருங்கியதால் சங்கிலி எங்கும் அறுபடவில்லை. தங்கை மகள் போர்த்திப் பார்த்துவிட்டு, கால் கொஞ்சம் வெளியே தெரிகிறது என்றாள்.